நிறுத்தச் சொல்ல வேண்டியவர்

ஆவுடையை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தது, ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவுகள் மூடிக்கொண்டிருந்தபோது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளி வந்தவன் ‘கூட ஒரு ஆள்தான்’ என்று சொல்லிவிட்டான். டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தவள் மகள் சங்கரி, அதனால் அவள்தான் உள்ளே போக முடிந்தது. ஆவுடை தலையை மட்டும் திருப்பி, ‘படியில ஓடாதீங்க, மெதுவா வாங்க’ என்றாள். முப்பது வருஷத்துக்கு மேலான குடித்தனத்தில் அவள் சொன்ன எதையும் சொன்ன உடனே கேட்டறியாத குத்தாலிங்கம் அன்றைக்குக் கேட்டுவிட்டார். மெதுவாகத்தான் ஏறினார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது, நின்றார், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரில் எழுதியிருந்ததை என்ன படிக்கிறோம் என்று தெரியாமலே முழுக்கப் படித்தார். மேலே போனபோது சங்கரி வராந்தாவில் தனியாக நின்றிருந்தாள். பாட்டில் இன்னும் அவள் தூக்கிய கையில்தான் இருந்தது, குழாயின் மறுமுனை எதிலும் சேராமல் ஆடிக்கொண்டிருந்தது. சரி, அதை இப்போது எதற்கு நினைக்க வேண்டும். இப்போது நினைக்க வேண்டியது அந்த மஞ்சள் தொப்பியை. படகுக்கு இடப்புறம், எட்டினால் தொட்டுவிடலாம் என்கிற மாதிரி ஒரு தூரத்தில், மஞ்சள் தொப்பி முங்கி முங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு கை எழும்பி விழும், மறு கை எழும்பி விழும், பிறகு வாய் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பிக் காற்றைக் கடித்துக்கொள்ளும். அரிச்சல்முனை வரை நீந்துவதற்காகத் தலைமன்னாரில் இருட்டோடு கடலில் இறங்கியவள் சங்கரி, இப்போது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது, அதே கை, அதே வாய். பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. இதை வேடிக்கை பார்ப்பதற்கென்றே ஒரு மனிதனைப் படகில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்களே, அந்தப் புண்ணியவான் யார் என்று தெரிந்தால் நல்லது.

யார் என்று தெரியாமல் என்ன, எதிரே உட்கார்ந்திருக்கிறானே, கோச் பாக்கியநாதன். கையில் வயர்லெஸ், தலையில் ஈரத் துண்டு. பாளையங்கோட்டை நீச்சல் குளத்தில் சங்கரிக்கு முதலில் மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் இவன்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஃப்ளெக்ஸ் போர்டை வைத்தவனும் இவன்தான். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாசலில் வைத்திருந்தான். ஒரு பக்கம் சங்கரி, மறு பக்கம் நாகர்கோவில் பையன் ஜெபின், தேர்தலில் எதிரெதிராக நிற்கிறவர்கள் மாதிரி முறைத்துக்கொண்டு, நடுவில் பெரிய எழுத்தில் ‘ஆணா? பெண்ணா? கடல் சொல்லும்!’ கடல் எங்கே சொல்லப்போகிறது. கடலுக்கு வேறு வேலை இல்லையா. இரண்டு பிள்ளைகளும் ஒரே குளத்தில் மாறி மாறி நீந்திப் பழகியவர்கள், ஒரே டப்பாவில் சுண்டல் தின்றவர்கள். அவர்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. ஸ்பான்சருக்குச் சண்டை வேண்டியிருந்தது, மூட்டிவிட்டார்கள். ஜெபினுக்கு ஒரு படகு, சங்கரிக்கு ஒரு படகு. விடிவதற்குள்ளேயே ஜெபினின் படகு கண்ணுக்கு மறைந்துவிட்டது. அதிலிருந்து இந்த வயர்லெஸ் கரகரத்துக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு கரகரப்புக்கும் பாக்கியநாதன் ஒரு வியாக்கியானம். ‘மிஷினு கணக்கா போறான் அண்ணாச்சி. தண்ணியக் கிழிச்சிட்டுப் போறான். என்ன இருந்தாலும் ஆம்பளை நுரையீரல்லா.’ ‘சரி.’ ‘நம்ம பிள்ளையும் சோடை இல்ல. பொம்பளைப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம் அண்ணாச்சி.’ ‘சரிய்யா.’ பொம்பளைப் பிள்ளைக்கு என்ற அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டால் மிச்சம் நல்ல வாக்கியம்தான். எறிய மாட்டேன் என்கிறார்களே. தராசில் ஒரு பக்கம் கல்லை வைக்காமல் யாரையும் நிறுக்கத் தெரியாது இவர்களுக்கு. ஆவுடை இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தபோதும் இதே கதை. பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, ‘பொம்பளைக் கட்டை, தாங்குது. ஆம்பளையா இருந்தா எப்பவோ போயிருப்பான்’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். தாங்குகிறவளுக்கு வலிக்காது என்று எந்த மடையன் இவர்களுக்குச் சொன்னான்.

அவரும் படிக்காமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பதோடு நின்றவர்தான், ஆனால் பஸ் ஸ்டாண்டில் நேரக்காப்பாளராக இருந்த காலம் முழுக்க, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில், கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்தவர். மகள் கடலில் இறங்கப் போகிறாள் என்றதும் மாவட்ட நூலகத்தில் உட்கார்ந்து, அவளுடைய பழைய செல்போனிலும் தேடித் தேடி, இந்த ஆண் பெண் விவகாரத்தையும் படித்துப் பார்த்தார். ஒன்றுக்கொன்று முரணாகக் கட்டுரைகள். ஆணுக்கு இருதயம் பெரிது, நுரையீரல் பெரிது, ரத்தம் கெட்டி, அதனால் ஓட்டத்தில் அவன் முந்துவான். பெண்ணுக்குக் கொழுப்பு கூடுதல், அதனால் கால் தானாக மிதக்கும், குளிர் தாங்கும், எரிபொருள் மெதுவாகச் செலவாகும். தூரம் கூடக்கூட இருவருக்கும் இடைவெளி குறையும், நீண்ட நீச்சலில் அவள் முந்தியதும் உண்டு. ஆண்கள் ஆரம்பத்தில் பாய்ந்துவிட்டுப் பின்னால் தேய்ந்துபோகிறார்கள், பெண்கள் தொடங்கிய வேகத்தை விடாமல் வைத்துக்கொள்கிறார்கள். அதை வாசித்தபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. மதுரைக்குப் போகிற எக்ஸ்பிரஸ் டிரைவர்கள் பாதிப் பேர் அப்படித்தான், ஸ்டாண்டை விட்டு ராக்கெட் மாதிரி கிளம்பிக் கயத்தாறில் ரேடியேட்டர் கொதித்து நிற்பார்கள். ஆனால் எல்லாம் படித்து முடித்து நூலகத்திலிருந்து வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. சராசரிப் பெண், சராசரிப் பெண் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறான். சராசரிப் பெண் என்று ஒருத்தியை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. கடலில் இறங்கப் போகிறவள் சங்கரி. சின்ன வயதில் சளி பிடித்தால் ஒரு மாசம் விடாது. இடது காது மந்தம். காலையில் எழுந்ததும் யாராவது பேசினால் பிடிக்காது. அவளுக்கு மட்டும் கடல் என்ன செய்யும் என்று எவனாவது ஒரு வரி எழுதியிருந்தால் அதைப் படித்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

‘ஐயா, ரொம்பச் சாயாதீங்க, வெயில்ல கிறங்கிரும்’ என்றார் படகோட்டி லாரன்ஸ், சுக்கானை முழங்காலால் பிடித்துக்கொண்டு. தங்கச்சிமடத்துக்காரர், பேச்சே அவ்வளவுதான். எஞ்சினை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட விட்டிருந்தார், அது இருமுவதும் துப்புவதுமாக வந்தது. டீசல் புகையும் வெயிலும் சேர்ந்து நெற்றிக்குள் ஒரு ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. லாரன்ஸுக்குப் பக்கத்தில் பார்வையாளர் ஹமீது சார், ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், நீச்சல் சங்கத்திலிருந்து அனுப்பிய ஆள். இறங்குவதற்கு முன்னால் அவர்தான் விதியைச் சொன்னார், வகுப்பில் சொல்வது மாதிரி விரலை ஆட்டி. நீந்துகிறவள் படகைப் பிடிக்கக் கூடாது. படகில் இருக்கிற யாரும் அவளைத் தொடக் கூடாது. விரல் பட்டாலும் அதோடு நீச்சல் முடிந்தது, அப்புறம் கரை சேர்ந்தாலும் கணக்கில் வராது. ஆகாரம் கயிற்றில் கட்டித்தான் கொடுக்க வேண்டும். ஆபத்து என்று பட்டால் அவர் நிறுத்தலாம். அது இல்லாமல், கூட வந்திருக்கிற குடும்பத்து ஆளுக்கும் நிறுத்தச் சொல்ல உரிமை உண்டு. ‘நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் குத்தாலிங்கம், நான் கேள்வியே கேக்க மாட்டேன்.’ இதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை அப்போதிலிருந்து அவர் வாய்க்குள் கிடக்கிறது, கொட்டைப்பாக்கு மாதிரி, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். இருட்டில் அவள் தொப்பியில் கட்டிய சின்ன விளக்கு ஒரு அலையில் மறைந்தபோது அது நாக்கு நுனிக்கு வந்தது. விடியலில் அவள் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கக்கியபோது வந்தது. போன முறை ஆகாரத்துக்கு நின்றபோது கழுத்தில் சிவப்பாக ஒரு வரி இருந்தது. ஜெல்லிமீன், லாரன்ஸ் அதைச் சொறி என்றார், ‘வரிசையா வருது இன்னைக்கி’ என்றார். அப்போது பல்லுக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது. வாயைத் திறந்து, ‘ஏட்டி, எரியுதா’ என்று மட்டும் கேட்டார். ‘எரியாம குளுகுளுன்னா இருக்கும்’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். அம்மாவின் வாய். அம்மா இவ்வளவு பேச மாட்டாள், ஆனால் வாய் அதுதான்.

அம்மா பேசவே இல்லையே, அதுதானே அவருடைய குறை. கல்யாணமான மறுவருஷம் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போனார்கள். பச்சை வேட்டி கட்டிக்கொண்டு ஆம்பளைகள் ஒரு கூட்டமாக முன்னால், அரோகரா போட்டுக்கொண்டு, யார் முதலில் போய்க் கடலில் குளிக்கிறது என்று பந்தயம் கட்டிக்கொண்டு. அவர்தான் எல்லாருக்கும் முன்னால். செய்துங்கநல்லூரில் திரும்பிப் பார்த்தபோது பெண்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ‘ஆமை வேகத்துல வாராளுவ’ என்று மச்சினனிடம் சொல்லிச் சிரித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆழ்வார்திருநகரியில் இரண்டு பாதமும் கொப்புளம், தொடை இறுகிக் கட்டையாகிவிட்டது. பந்தலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, வாழைத்தார் ஏற்றிப்போன டெம்போவில் ஏறிப் போய் இறங்கினார். ஆவுடை மறுநாள் வந்தாள், மூன்று பொம்பளைகளோடு, பேசிக்கொண்டே, கையில் பொரிப் பொட்டலத்தோடு, ஏதோ கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறவள் மாதிரி. அவரைப் பார்த்ததும், ‘வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு’ என்றாள். அவ்வளவுதான். டெம்போவில் வந்தது அவளுக்குத் தெரியும். பந்தலில் பார்த்தவர்கள் சொல்லாமலா இருந்திருப்பார்கள். வீட்டில் சண்டை வந்த எத்தனையோ நாளில் அதை எடுத்து அவர் மூஞ்சியில் வீசியிருக்கலாம், வீசவே இல்லை. மச்சினன் கூட வருஷக்கணக்காக, ‘அத்தான் சாமானுக்குக் காவலா வண்டியில வந்தாக’ என்று கதை கட்டிக் காப்பாற்றினான். அவள் அதையும் மறுக்கவில்லை. ஒரு தடவை சிரித்துத் தொலைத்திருந்தால் என்ன. ஜெயித்த ஆள் ஜெயித்ததாகவே காட்டிக்கொள்ளாவிட்டால் தோற்றவன் எங்கே போய் நிற்பான். இதையெல்லாம் அந்தக் கட்டுரைக்காரர்கள் அளந்து பார்க்கட்டுமே.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. இந்த முறை பாக்கியநாதன் உடனே வியாக்கியானம் சொல்லவில்லை. காதோடு அழுத்திக் கேட்டான். ‘என்னது? எப்ப? பேசுதானா?’ என்றான். துண்டைத் தலையிலிருந்து எடுத்தான். ஜெபினை ஏற்றிவிட்டார்கள். ஒரு மணி நேரமாகவே கக்கிக்கொண்டிருந்தானாம், நடுக்கம் வந்து கை தூக்க முடியாமல் போய், கூப்பிட்டதற்குப் பதிலும் சொல்லாததால் தூக்கிப் படகில் போட்டுப் போர்த்தியிருக்கிறார்கள், இப்போது கண் திறந்து பேசுகிறான், ஆபத்து இல்லை. குத்தாலிங்கத்துக்கு முதலில் அந்தப் பையனின் அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது, லாட்ஜ் வாசலில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றவள். அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடா முழுசாக வெளியே வருவதற்குள் பாக்கியநாதன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துவிட்டான். ‘அண்ணாச்சி. ஜெபினாலயே முடியல.’ ‘ம்.’ ‘அவனாலயே முடியலன்னா, இவ எப்படி. நீரோட்டம் மாறிட்டுன்னு சொல்லுதாங்க. ஏத்திருவோம் அண்ணாச்சி, இதுவரைக்கும் வந்ததே பெருசு. நீங்க ஒரு வார்த்தை ஹமீது சார்ட்ட சொல்லுங்க.’ குத்தாலிங்கம் அவனையே பார்த்தார். காலையிலிருந்து ஜெபின் முந்துகிறான், ஏனென்றால் ஆம்பளை. இப்போது அவன் விழுந்தான், அதனால் இவளும் விழுவாள், ஏனென்றால் பொம்பளை. முந்தினாலும் அவன்தான் அளவு, முங்கினாலும் அவன்தான் அளவு. அந்தப் பிள்ளை பாட்டுக்குக் கை போட்டு வந்துகொண்டிருக்கிறதே, அதை யாராவது பார்த்தீர்களா, விடியலில் இருந்த வேகம் இப்போதும் இருக்கிறதா இல்லையா என்று ஒருத்தன் பார்த்தானா. ‘அவ என்னய்யா செஞ்சா’ என்றார், கொஞ்சம் சத்தமாகவே. ‘அதுக்கில்ல அண்ணாச்சி…’ ‘அவன் கக்குனதுக்கு இவளை எதுக்குய்யா தூக்கணும்?’ லாரன்ஸ் கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

ஆனால் உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் அவரை அதிகமாக எரிச்சல்படுத்தியது. பாக்கியநாதன் சொன்னது அவருக்கு வேண்டிய வார்த்தை. இருட்டிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்த சாக்கு. ‘சரி, ஏத்துங்க’ என்றால் தீர்ந்தது, போர்வையைச் சுற்றி, சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்து, சாயந்திரம் பஸ் ஏறி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான், அவள் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து நீட்டுகிறவன் இப்படி ஒரு அழுக்குப் பொட்டலத்தில் சுற்றியா நீட்ட வேண்டும். வாங்கினால் பாக்கியநாதன் சொன்னது சரி என்று ஆகிவிடும். வாங்காவிட்டால், வீம்புக்காக மகளைக் கடலில் விட்ட அப்பன். அவள் வேகம் குறையவில்லை என்று நினைத்துத்தானே இப்போது அதட்டினோம், அது பார்த்து நினைத்ததா, கோபத்தில் நினைத்ததா. இடது கை கொஞ்சம் தாழ்ந்து வருகிற மாதிரி இல்லை? காலையில் இன்னும் உயரமாக எழும்பியதே. இல்லை, அலை. இல்லை, கைதான். நுரையீரலில் நீர் கோத்தால் நீந்துகிறவருக்கே தெரியாதாம், அதையும் அந்தச் செல்போனில்தான் படித்தார். எதற்குப் படித்தோம். எல்லாரும் அவரிடம்தான் வந்து கேட்பார்கள், ஆவுடையை வென்டிலேட்டரில் போடலாமா என்று அவள் போவதற்கு முந்தின வாரம் கேட்டார்களே, அந்த மாதிரி, ஒரு பேப்பரை நீட்டி, பேனாவின் மூடியைக் கழற்றி. படுத்திருக்கிறவளைக் கேளுங்கள் என்று சொன்னதற்கு டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மற்றவர் மூச்சைப் பற்றி ஒருவன் எப்படி முடிவு சொல்ல முடியும்? இந்த உரிமையை யார் கேட்டார்கள்? திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், போங்கள்.

ஆகார நேரம் வந்தது. ஹமீது சார் விசிலை ஊதினார். சங்கரி கையை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி, காலை மட்டும் அடித்துக்கொண்டு படகின் பக்கமாக வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கண்ணைச் சுற்றி இரண்டு வளையம், உதடு உப்பில் ஊறி வெடித்து வேறு யாருடையதோ போல இருந்தது. பாக்கியநாதன் கஞ்சிப் பாட்டிலைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான். ‘ஜெபின் ஏறிட்டானா?’ என்றாள். யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ‘சார் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நல்லா இருக்கானா?’ ‘நல்லா இருக்கான்ட்டி’ என்றார் குத்தாலிங்கம். ‘சரி. கஞ்சியத் தாங்க, குளுருது.’ அலை அவளைப் படகுக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தது. அப்போதுதான் அவர் பார்த்தார். கழுத்தில், காதுக்குக் கீழே, புதிதாக ஒன்று, கண்ணாடி நூல் மாதிரி, ஒட்டிக்கொண்டு, அடியில் தோல் தடித்துப் போய். சட்டைக் காலரில் நூல் ஒட்டியிருந்தால் யாரும் எடுத்துப் போடுவது போலத்தான் அவர் குனிந்தார். இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். விரல் தீயாக எரிந்தது. விரலுக்கு அடியில் அவள் கழுத்து, பச்சைத் தண்ணீர் போலச் சில்லென்று, உள்ளே ஒரு துடிப்பு, அது திடமாக, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

‘யாரும் பாக்கல’ என்றான் பாக்கியநாதன், முதலில் மெல்ல, பிறகு எல்லாரையும் பார்த்து. ‘ஹமீது சார், நீங்க அந்தப் பக்கம்லா பாத்துட்டு இருந்தீங்க. யாரும் பாக்கல சார்.’ ஹமீது சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். குத்தாலிங்கம் தன் கையைப் பார்த்தார். நூலை எடுக்கத்தான் போனது. நூலை எடுக்கத்தானா? காலையிலிருந்து வாயால் சொல்ல முடியாத வார்த்தையைக் கை போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டதா? ஒரு விரல் பட்டால் முடிந்தது என்று தெரிந்த கை அது. தெரியும், ஆனால் அந்த நேரத்தில் தெரிந்ததா? கேட்டுச் சொல்ல யாரும் இல்லை. கை பேசாமல் எரிந்துகொண்டிருந்தது. ‘யப்பா’ என்றாள் சங்கரி. திட்டப்போகிறாள் என்று நினைத்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். ‘ஏம்ப்பா’ என்றாள், தெருவில் கோலத்தை மிதித்துவிட்ட ஆளிடம் கேட்பது மாதிரி. பிறகு, ‘சார், தொட்டாச்சு. எழுதிக்கோங்க.’

‘எழுதிட்டா எல்லாம் போச்சுட்டி’ என்றான் பாக்கியநாதன், அழுதுவிடுவான் போலிருந்தது. ‘போனது போச்சு. பாட்டிலத் தாங்க.’ ஹமீது சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நேரத்தைப் பார்த்து, எழுதினார். எழுதிவிட்டு, ‘மன்னிச்சுக்கம்மா’ என்றார். ‘நீங்க என்ன செஞ்சீங்க சார்’ என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தாள், பாதி உள்ளே போயிற்று, பாதி கடலுக்கு. லாரன்ஸ் ஏணியை எடுத்து ஓரத்தில் மாட்டினார். ‘ஏறு மக்கா’ என்றான் பாக்கியநாதன். ‘எதுக்கு?’ ‘என்ன எதுக்கு? இனி கரைக்குப் போனாலும் ஆம்பளைக் கணக்குலயும் வராது, பொம்பளைக் கணக்குலயும் வராது. எதுலயும் வராதுட்டி.’ ‘வராட்டி என்ன சார். கரை அந்தா அங்கதான இருக்கு, எங்கயும் போயிரலையே.’ பாட்டிலை விட்டெறிந்தாள், அது கயிற்றில் ஆடிக்கொண்டு படகுக்கு வந்தது. ‘லாரன்ஸ் அண்ணே, நீங்க வருவீங்கள்ல?’ லாரன்ஸ் ஏணியைக் கழற்றினார். ‘கரை வரைக்கும்தான தாயி பேச்சு. நான் எங்க போறேன்’ என்றார்.

எல்லாரும் குத்தாலிங்கத்தைப் பார்த்தார்கள். அந்த ஒரு வார்த்தை இப்போதும் அவரிடம்தான் இருந்தது. இப்போது சொன்னால் நஷ்டமே இல்லை, கெட்டது ஏற்கெனவே கெட்டாயிற்று, யாருக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை, எந்தத் தராசும் இல்லை. இவ்வளவு சுலபமாக அது இன்றைக்குக் கிடைத்ததே இல்லை. விரல் நுனியில் அந்தத் துடிப்பு இன்னும் இருந்தது, எரிச்சலுக்கு அடியில், ஒரே சீராக. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள், சின்ன வயதில் நோட்டில் கையெழுத்துக்கு நின்ற அதே பொறுமையின்மையோடு. ‘என்னைய என்னத்துக்குப் பாக்க’ என்றார். ‘ஏட்டி, போ. போய்த் தொலை. அந்தச் சொறி இல்லாத பக்கமாப் போ.’ சங்கரி சிரித்தாள். வெடித்த உதட்டில் ரத்தம் கசிந்தது. திரும்பி முகத்தைத் தண்ணீருக்குள் கொடுத்தாள். பாக்கியநாதன் வயர்லெஸ்ஸை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான். குத்தாலிங்கம் எரியும் கையைத் தண்ணீரில் நனைக்கப் போய், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். ‘இன்னும் எம்புட்டு இருக்கு’ என்று கேட்டார். லாரன்ஸ் தூரம் காட்டும் கருவியைக் குனிந்து பார்த்தார். அரிச்சல்முனைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருந்தது.